வராத இதழ் எங்கே?

கேள்வி: வணக்கம் அக்கா. பினாங்கில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டார், சொல்லித்தர ஆள் இல்லை. அச்சுச் சஞ்சிகைகள் அறுபதுக்கு மேல் வருகின்றன. ஆங்கிலம், மலாய், அப்புறம் தமிழ்நாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு. என் மேசைக்குக் கீழே பிரிக்காத உறைகள் நான்கு பெட்டி இருக்கின்றன. கோஹா என்ற நூலக மென்பொருள் இருந்தும் அதில் சஞ்சிகைப் பகுதியை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. விரிவுரையாளர்கள் ‘போன இதழ் வந்ததா’ என்று கேட்டால் முழிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? தமிழ் இதழ்களை எந்த எண்ணில் பதிவது என்றே புரியவில்லை. எல்லாம் இணையத்தில் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று மேலாளர் வேறு கேட்கிறார். பிரித்த உறைகளைத் தூக்கிப் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், ஜார்ஜ்டவுன்

பதில்: அன்புத் தங்கச்சி, நான்கு பெட்டி என்று படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூரில் எனக்குக் கிடைத்த முதல் நூலக வேலையில் என்னை வரவேற்றது பெட்டிகூட இல்லை, அரிசிச் சாக்கு. இரண்டு சாக்கு நிறையப் பிரிக்காத தபால். நிதானமாகச் செய்தால் உங்கள் நான்கு பெட்டியும் ஒரு வாரத்து வேலைதான்.

பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று. வந்த இதழில் முத்திரை குத்தி, பதிந்து, அலமாரியில் வைப்பதுதான் சஞ்சிகைப் பிரிவின் வேலை என்று நூலகத்துக்குள் இருப்பவர்களே நினைக்கிறார்கள். வந்த இதழ் எங்கே போய்விடும்? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் பதியலாம். வராத இதழ் அப்படியில்லை. அது வரவில்லை என்று உங்களிடம் வந்து சொல்ல யாரும் இல்லை. தபால்காரர் சொல்ல மாட்டார், பதிப்பகம் சொல்லாது, சந்தா எடுத்துத் தரும் ஏஜெண்டும் சொல்ல மாட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு விரிவுரையாளர் வந்து சொல்வார், அப்போது மிச்சப் பிரதி தீர்ந்திருக்கும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த வராத இதழைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்குத்தான்.

கணினிக்கு முந்திய காலத்தில் எங்களிடம் கார்டெக்ஸ் என்று ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. தட்டையான இழுப்பறைகள். உள்ளே அட்டைகள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும், சஞ்சிகையின் பெயர் எழுதிய ஓரம் மட்டும் வெளியே தெரியும். அட்டையைத் தூக்கினால் வருஷத்துக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். இதழ் வந்த அன்று கட்டத்தில் தேதி எழுதுவோம். ஜூலை நிரம்பி, ஆகஸ்ட் காலியாக இருந்து, செப்டம்பரும் நிரம்பிவிட்டால் அந்த வெள்ளைக் கட்டம் விழுந்த பல் மாதிரி கண்ணில் படும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி. கணினியில் அந்தக் கட்டம் தானாகக் கண்ணில் படாது. நாமாகப் போய்க் கேட்டால்தான் காட்டும். சஞ்சிகைப் பதிவு கணினிக்குப் போன பிறகு பல நூலகங்களில் கோட்டைவிட்டது இங்கேதான்.

ஆகவே முதல் இரண்டு நாள் கோஹாவைத் திறக்காதீர்கள். நீளமான மேசை ஒன்றைப் பிடித்து, உறைகளைப் பிரித்து, சஞ்சிகை வாரியாக அடுக்குங்கள். பழையது அடியில், புதியது மேலே. கத்தரிக்கோல் வேண்டாம், உறையோடு அட்டையின் ஓரத்தையும் நறுக்கிவிடும். மொட்டைக் கத்தி போதும். தமிழ்நாட்டு இதழ்கள் சில சுருட்டி, நடுவில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி வரும். பட்டையை இழுத்துக் கிழித்தால் அட்டையும் சேர்ந்து வரும் என்பதால் பட்டைக்கு அடியில் கத்தியை விட்டு மெதுவாக அறுங்கள். சுருண்ட இதழை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், முதுகு உடையும். கனமான அகராதி ஒன்றுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் தானே படுத்துவிடும். இன்றைக்குக் கனமான அகராதிகளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது!

உறைகளை இப்போதைக்குத் தூக்கிப் போடாதீர்கள். அந்தந்த இதழுக்குள் மடித்துச் செருகி வையுங்கள். முகவரிச் சீட்டில் உங்கள் சந்தா எண் இருக்கும், பல சஞ்சிகைகளில் சந்தா முடியும் மாதமும் அதிலேயே இருக்கும். இதழ் வரவில்லை என்று எழுதும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். அச்சுச் சந்தாவோடு இணையப் பிரதியும் சேர்ந்த சஞ்சிகை என்றால் அதைத் திறக்கவும் பெரும்பாலும் அதே எண்தான். முன்பு இருந்தவர் கோப்பு எதுவும் விட்டுப் போகவில்லை என்றால் இந்த உறைகள்தான் உங்கள் கோப்பு. ஓசியில் மாதிரிக்கு வந்த இதழ்களை மட்டும் தனியே ஒதுக்குங்கள், முத்திரை வேண்டாம். குத்தினால் அடுத்த வருஷம் யாராவது அதைப் பார்த்து ‘மீதி எங்கே’ என்று தேடுவார்.

அடுக்கி முடித்ததும் ஒரு பெரிய தாளில் பழைய கார்டெக்ஸ் மாதிரியே கட்டம் போடுங்கள். அறுபது சஞ்சிகை, பன்னிரண்டு மாதம். நிரப்புங்கள். ஒரு பிற்பகலில் உங்கள் நூலகத்தின் ஓட்டைகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மேலாளர் சுவரில் ஒட்ட விடுவார் என்றால் ஒட்டுங்கள்.

அப்புறம் கோஹா. நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலகத்துக்காக எழுதி 2000-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. அன்பளிப்பு என்பது அந்த மாவோரிச் சொல்லின் பொருள். அதில் ஒவ்வொரு சஞ்சிகைக்கும் ஒரு சந்தாப் பதிவு போட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எண் எப்படி ஓடும், முதல் இதழ் எது என்று சொல்லிவிட்டால் அடுத்தடுத்த இதழ்களை அதுவே கணித்துக் காட்டும். கணிப்பைச் சோதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. சேமிப்பதற்கு முன் அதை அழுத்தி, வருகிற பட்டியலைப் போன வருஷத்து உண்மை இதழ்களோடு ஒப்பிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் சேர்த்து ஒரே இதழாக விடும் சஞ்சிகைகள் இங்கேதான் பிடிபடும்.

இரண்டு இடங்களை மறக்காதீர்கள். ஒன்று, சலுகை நாள். எதிர்பார்த்த தேதிக்குப் பிறகு எத்தனை நாள் பொறுத்து ‘தாமதம்’ என்று காட்ட வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உள்ளூர் இதழுக்கு இரண்டு வாரம், இங்கிலாந்து அமெரிக்காவுக்கு ஒன்றரை மாதம், தமிழ்நாட்டுக்கு இரண்டு மாதம் என்று நான் வைத்திருந்தேன். இன்னொன்று, விற்பனையாளர் பெயர். அதைப் போடாவிட்டால், வராத இதழ்களைக் காட்டும் கிளெய்ம் பக்கத்தில் அந்தச் சஞ்சிகை தலைகாட்டாது. இரண்டையும் போட்ட பிறகு வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளெய்ம் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். அதுதான் உங்கள் வெள்ளைக் கட்டம்.

தாமதம் என்று காட்டியவுடன் கடிதம் எழுத உட்காராதீர்கள். முதலில் அலமாரியைப் பாருங்கள், அப்புறம் விரிவுரையாளர் அறையைப் பாருங்கள். அதற்கும் பிறகு பக்க எண்ணைப் பாருங்கள். ஆய்வுச் சஞ்சிகைகள் பலவற்றில் பக்க எண் வருஷம் முழுக்கத் தொடர்ந்து ஓடும். மார்ச் இதழ் 192-ஆம் பக்கத்தில் முடிந்து மே இதழ் 193-இல் தொடங்கினால் ஏப்ரல் இதழ் என்று ஒன்று பிறக்கவே இல்லை. கோஹாவில் ‘வெளியாகவில்லை’ என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். மே இதழ் 257-இல் தொடங்கினால் 64 பக்கம் எங்கேயோ இருக்கிறது, அன்றைக்கே எழுதுங்கள். பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் கேட்டால்தான் இலவசமாக மாற்றுப் பிரதி தரும். அதற்குப் பிறகு காசு. உங்கள் நான்கு பெட்டியின் உண்மையான செலவு இதுதான். மேலாளருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

இதழ் உள்ளூரில் அச்சானது, கேட்டும் கிடைக்கவில்லை என்றால் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இந்த நாட்டில் வெளியாகும் அச்சுப் பொருள்களை வெளியிடுவோர் அங்கே கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்சம் நகல் எடுக்க வழி கிடைக்கலாம்.

இப்போது தமிழ் இதழ்கள். எண் புரியவில்லை என்கிறீர்கள். உங்கள் மீது தப்பில்லை, தமிழ்ப் பத்திரிகைக்காரர்களின் ரசனைதான் காரணம். ஆங்கிலச் சஞ்சிகை உலகம் முழுக்கத் தொகுதி, எண் என்று இரண்டே சொல்லில் பிழைப்பை ஓட்டுகிறது. நம்மவர்களுக்கு அது போதவில்லை. செந்தமிழ்ச்செல்வி தொகுதியைச் ‘சிலம்பு’ என்றது, இதழைப் ‘பரல்’ என்றது. சிலம்புக்குள் பரல் இருக்கும் அல்லவா, அந்தக் கணக்கு. கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் தமிழ்ப்பொழில் தொகுதிக்குத் ‘துணர்’ என்றும் இதழுக்கு ‘மலர்’ என்றும் பெயர் வைத்தது. துணர் என்றால் பூங்கொத்து, கொத்துக்குள் மலர். அழகுதான். ஆனால் வேறு பல இதழ்களில் ‘மலர் 5, இதழ் 3’ என்று இருக்கும், அங்கே மலர் என்பது தொகுதி! ஒரு இடத்தில் பிள்ளையாக இருக்கும் சொல் இன்னொரு இடத்தில் அம்மா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியாக வரும் சிறப்பிதழுக்கும் மலர் என்றே பெயர், அதற்கு எண்ணே இருக்காது.

அதனால் சொல்லை நம்பாதீர்கள். அடுத்தடுத்து வந்த இரண்டு இதழ்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறுகிற எண் இதழ், மாறாமல் நிற்பது தொகுதி. இரண்டுமே மாறினால் ஆண்டு திரும்பியிருக்கிறது, மூன்றாவது இதழையும் எடுங்கள். கோஹாவில் எண் வடிவத்தை நீங்களே அமைக்கலாம் என்பதால் தொகுதி என்ற இடத்தில் சிலம்பு, துணர் என்று அட்டையில் உள்ள சொல்லையே தட்டுங்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.

தேதியிலும் வம்பு உண்டு. சில இதழ்கள் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போடும். 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வரும். 2055 ஆவணி என்றால் 2024 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. மார்கழி இதழில் கவனம் வேண்டும். அது பாதி டிசம்பர், பாதி அடுத்த வருஷ ஜனவரி. நான் எப்போதும் தொடங்கும் மாதத்தையே பதிவேன். நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடைசிவரை ஒரே மாதிரி வையுங்கள். அறுபதாண்டுப் பெயர் மட்டும் போட்ட இதழ் இன்னும் ஆபத்து. 2024 சித்திரையில் பிறந்தது குரோதி ஆண்டு, 1964 சித்திரையில் பிறந்ததும் குரோதிதான். புதிதாக வரும் தபாலில் குழப்பம் வராது. யாராவது ஒரு தாத்தாவின் சேமிப்பை அன்பளிப்பாகக் கொண்டுவந்து இறக்கும்போது வரும். அப்போது விலையைப் பாருங்கள், உள்ளே விளம்பரத்தைப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

தமிழ்ச் சிற்றிதழ்களுக்குக் கோஹாவின் கணிப்பு ஒத்துவராது. அட்டையில் காலாண்டிதழ் என்று போட்டிருக்கும், வருவது ஆண்டுக்கு ஒன்று. ‘ஒழுங்கற்றது’ என்று குறித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியருக்கே நேரடியாகக் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் ஆசிரியர், அச்சுக் கணக்கு, தபால் ஒட்டுவது எல்லாம் ஒரே ஆள். ‘பினாங்கு நூலகத்தில் எங்கள் இதழைத் தேடுகிறார்களா’ என்று நெகிழ்ந்துபோய் விடுபட்டதோடு இன்னும் இரண்டைச் சேர்த்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அச்சிடுவதே சில நூறு பிரதி. தாமதித்தால் அவரிடமே இருக்காது. ஒரு விதிவிலக்கு, 2020. இங்கே மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு, அங்கே மார்ச் 25-இல் ஊரடங்கு. அந்த வருஷம் சில இதழ்கள் அச்சாகவே இல்லை, சில இரண்டு மூன்று மாதத்தை ஒன்றாகச் சேர்த்து வந்தன. அந்த வருஷத்து ஓட்டையைத் துரத்துவதற்கு முன்னால், அப்படி ஒரு இதழ் இருந்ததா என்று கேளுங்கள்.

பார்கோடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் புதியவர்கள் ஏமாறுவது சகஜம். அட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேனரால் வருடினால் 977 என்று தொடங்கும் எண் வரும். அதற்கு அடுத்த ஏழு இலக்கம்தான் ஐஎஸ்எஸ்என் எண்ணின், அதாவது சஞ்சிகையை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண்ணின், முதல் ஏழு இலக்கம். எட்டாவதான சரிபார்ப்பு இலக்கம் பார்கோடில் இருக்காது. ‘நேச்சர்’ சஞ்சிகையின் எண் 0028-0836. அந்தக் கடைசி 6-ஐ வருடியில் தேடினால் கிடைக்காது. ஆகவே பதியும்போது அட்டையைப் பார்த்துக் கையால் தட்டுங்கள். உள்ளூர் இதழ்களில் ‘பிபி’ என்று தொடங்கும் எண் வேறு. அது 1984-ஆம் ஆண்டு அச்சுச் சட்டப்படி உள்துறை அமைச்சு கொடுத்த அனுமதி எண். அதை ஐஎஸ்எஸ்என் இடத்தில் பதிந்து வைத்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்களில் பார்த்திருக்கிறேன்.

பெயர் மாறினால் புதுப் பதிவு போட வேண்டும். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இந்த வட்டாரக் கிளை தன் சஞ்சிகையை 1878 முதல் 1922 வரை ‘ஸ்ட்ரெய்ட்ஸ்’ கிளையின் சஞ்சிகையாக வெளியிட்டது. 1923-இல் அது ‘மலாயன்’ கிளையின் சஞ்சிகை ஆனது, எண்ணும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியது. 1964-இல் ‘மலேசியன்’ ஆனபோது எண் மட்டும் தொடர்ந்தது. மூன்றையும் ஒரே பதிவில் போட்டுவிட்டால் ‘தொகுதி ஒன்று எங்கே’ என்று கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? முந்தையது இது, பிந்தையது இது என்று பதிவுகளை இணைத்துவிட்டால் போதும்.

முத்திரை விஷயம் சுருக்கமாக. அட்டையின் படத்தின் மேல் குத்தாதீர்கள். பொருளடக்கப் பக்கத்தில் நூலக முத்திரை, அட்டையில் எண்ணை மறைக்காத மூலையில் வந்த தேதி. வழவழப்பான தாளில் மை காய நேரமாகும், பினாங்கு ஈரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒட்டுத்தாள் ஒன்று வைத்து மூடுங்கள். திருட்டைத் தடுக்கும் பாதுகாப்புப் பட்டையை இரண்டு பக்கம் சேரும் மடிப்பின் ஆழத்தில் வையுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாணவர்கள் உரித்துவிடுவார்கள். வார இறுதியில் ஏர்கானை அணைத்துவிடும் கட்டடம் என்றால் பழைய இதழ்களின் கம்பிப் பின்னை மாதம் ஒருமுறை பாருங்கள். துரு முதலில் நடுப்பக்கத்தில்தான் காட்டும்.

பைண்டிங்குக்கு அனுப்பும்போது மட்டும் அவசரமே படாதீர்கள். இதற்கு என் கதை ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பொருளாதாரச் சஞ்சிகையின் பன்னிரண்டு இதழ்களை எண்ணிக் கட்டி அனுப்பினேன். பன்னிரண்டு சரியாக இருந்தது. சிவப்புத் துணி முதுகு, பொன்னெழுத்து, பார்க்க ஜம்மென்று வந்தது. ஏழு வருஷம் கழித்து ஒரு ஆய்வு மாணவி அந்தத் தொகுதியைத் திறந்தபடி என் மேசைக்கு வந்தார். உள்ளே ஏப்ரல் இரண்டு முறை இருந்தது, மே இல்லை. ஏஜெண்ட் தவறுதலாக இரண்டு ஏப்ரல் அனுப்பியிருக்கிறார், நான் எண்ணினேனே தவிர படிக்கவில்லை. அந்த மே இதழ் கடைசிவரை கிடைக்கவில்லை. இப்போதும் அந்தத் தொகுதிக்குள் என் கையெழுத்தில் ஒரு மன்னிப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறது. எனவே அனுப்பும் முன் ஒவ்வொரு இதழின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அடுக்குங்கள். ஆண்டுப் பொருளடக்கம் பல சஞ்சிகைகளில் கடைசி இதழோடு, சில சமயம் அடுத்த வருஷத்து முதல் இதழோடு, தனித் தாளாக வரும். அதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம், நகல் எடுக்கும்போது முதுகு பிளக்கும். தமிழ் இதழ்களின் அட்டையைக் கழற்ற விடாதீர்கள். ஆசிரியர் பெயர், முகவரி, விலை எல்லாம் பல சமயம் அட்டையில் மட்டும்தான் இருக்கும். பைண்டரிடம் இதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்.

உங்கள் மேலாளர் கேட்டது நியாயமான கேள்விதான். இணையத்தில் முழுசாகக் கிடைக்கிற, சந்தா நின்றாலும் பழைய ஆண்டுகளைப் பார்க்க எழுத்தில் உரிமை தருகிற சஞ்சிகை என்றால் அச்சை நிறுத்தலாம், நானே நிறுத்தியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் அந்த உரிமை இருக்கிறதா என்று அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சந்தா நின்ற அன்றைக்கு உங்களிடம் எதுவும் இருக்காது. தமிழ்ச் சிற்றிதழ்கள் பலவற்றுக்கு இணையப் பிரதி என்ற பேச்சே இல்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டை மட்டும் நிறுத்த விடாதீர்கள். அறுபதில் அதற்கு ஆகும் செலவுதான் மிகக் குறைவாகவும் இருக்கும், கணக்கு எடுத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, உறைகள். பதிந்து முடித்து, சந்தா எண்ணைக் கோஹாவில் ஏற்றிய பிறகு தாராளமாகத் தூக்கிப் போடுங்கள். இந்தியத் தபால்தலைகளை மட்டும் கொஞ்சம் உறையோடு சேர்த்து வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். என் நூலகத்தில் காவலாளியின் பேத்தி வாரம் ஒருமுறை வந்து வாங்கிப் போவாள். அவள் வரும் நாள்களில் நான் ஒரு உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்ததில்லை.